பணிப்படிவமும் பணியாளரின் அந்தரங்கமும்: இந்தியச் சட்ட வரலாற்றில் ‘கேட்கும் உரிமை’ (1921–2023)

ஆய்வுச்சுருக்கம்

வேலை நாடி வருவோரிடம் அவர்தம் உடல்நிலை, திருமணம், மகப்பேறு, அரசியல் சார்பு, குற்ற வழக்கு முதலியவை பற்றிய அந்தரங்கத் தகவல்களைப் பணியமர்த்துவோர் கோருவது இந்தியாவில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். இவ்வழக்கத்தை எதிர்த்து எழுந்த வழக்குகள் பெரும்பாலும் ‘பணியாளர் உண்மையை மறைத்தாரா?’ என்ற வினாவைச் சுற்றியே நடந்துள்ளன. ‘அதனைக் கேட்கும் உரிமை பணியமர்த்துவோருக்கு உண்டா?’ என்ற அடிப்படை வினா அரிதாகவே எழுப்பப்பட்டது. அது எழுப்பப்பட்ட இடங்களிலேயே பணியாளருக்கு நிலையான பாதுகாப்புக் கிடைத்தது என்பதை 1921ஆம் ஆண்டுச் சென்னை மாகாண அரசாணை முதல் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரையிலான சான்றுகள்வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பணிப்படிவம், அந்தரங்க உரிமை, மகப்பேறு, காவல்துறைச் சரிபார்ப்பு, தகவல் மறைப்பு, எச்.ஐ.வி., தரவுப் பாதுகாப்பு.

முன்னுரை

பணியில் சேரும் ஒருவர் முதன்முதலில் எதிர்கொள்வது ஒரு படிவம். பெயர், பிறந்த நாள், கல்வித் தகுதி என்று தொடங்கும் அப்படிவம் சில இடங்களில் குடும்பம், உடல், நோய், வழக்கு, நம்பிக்கை ஆகியவற்றுக்குள்ளும் நுழைகிறது. இறுதியில் “மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை, பொய் எனத் தெரியவந்தால் பணியிலிருந்து நீக்கப்படச் சம்மதிக்கிறேன்” என்ற பொருள்பட ஓர் உறுதிமொழி இடம்பெறும். அதன்கீழ்ப் பணியாளர் கையொப்பமிடுவார்.

இவ்வமைப்பில் ஒரு சமனின்மை உள்ளது. விடை சொல்வோர் உண்மையே சொல்ல வேண்டும் என்று கட்டுப்படுத்தப்படுகிறார். வினாத் தொடுப்போரோ அவ்வினா பணிக்கு ஏன் தேவை என்று விளக்கும் கட்டாயம் ஏதுமின்றி இருக்கிறார். விடையளிக்க மறுத்தால் வேலை கிடைப்பதில்லை. உண்மை சொன்னால் அதன் காரணமாகவே வேலை மறுக்கப்படலாம். பொய் சொன்னால் பின்னொரு நாளில் பணிநீக்கம் நேரலாம். இம்மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தாலும் இழப்புப் பணியாளரையே சாரும்.

இந்திய நீதிமன்றங்களும் சட்டமியற்றுவோரும் இச்சமனின்மையை எவ்வாறு கையாண்டனர் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். இதன் பொருட்டு ஐந்து வகை வினாக்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவை சமூகப் பிரிவு, திருமணம், அரசியல் சார்பும் குற்ற வழக்கும், பெண்ணின் உடல், நோய் ஆகியன பற்றியவை. வழக்குத் தொடுத்த தனியாட்களின் பெயர்கள், அவர்கள் பொதுவாழ்வில் அறியப்பட்டோராக இருந்தாலன்றி, இங்குத் தரப்படவில்லை.

1. கணக்கெடுக்கும் வினா: சென்னை மாகாணம்

பணியாளரின் அந்தரங்கத் தகவலைக் கேட்பது எல்லா நிலையிலும் தீங்கானதன்று. இதற்குத் தமிழக வரலாற்றிலேயே தெளிவான சான்று உண்டு. நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், 1921 செப்டம்பர் 16 அன்று வெளியான வகுப்புவாரி அரசாணை, அரசுத் துறைகளின் பணிநியமனங்களில் எந்தச் சமூகத்தார் எவ்வளவு இடம் பெற்றுள்ளனர் என்று பிரித்துக் காட்டும் அறிக்கைகளைக் கோரியது. பின்னர் எஸ். முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது, 1927–28இல் பன்னிரண்டு பணியிடங்களைக் கொண்ட சுழற்சி முறை நடைமுறைக்கு வந்தது. அப்பன்னிரண்டில் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1 என இடங்கள் பகிர்ந்தளிக்கப்பட்டன.

சாதி என்பது தனிமனிதருக்கு மிகுந்த இன்னல் தரக்கூடிய தகவல். எனினும் இங்கு அது கேட்கப்பட்டதன் நோக்கம் ஒருவரை வாயிலில் தடுத்து நிறுத்துவதாக அமையவில்லை. அதுவரை தடுக்கப்பட்டிருந்தோர் எத்தனை பேர் என்று அறிந்து அவர்களுக்கு இடமளிப்பதே நோக்கம். கேட்பதற்கான காரணம் அரசாணையிலேயே வெளிப்படையாக இருந்தது. விடை எதற்குப் பயன்படும் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. அதனால்தான் அம்முறையை எதிர்த்தோர் அதனை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்தவும் முடிந்தது. 1951இல் உச்ச நீதிமன்றம் அவ்வகுப்புவாரி முறையைச் செல்லாதென அறிவித்ததும், அதையொட்டி அரசமைப்பின் முதல் திருத்தம் வந்ததும் பலரும் அறிந்த வரலாறு.

இதிலிருந்து பெறப்படும் அளவுகோல் ஒன்று உண்டு. ஒரு வினா நியாயமானதா என்பதைத் தகவலின் தன்மை மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எதற்காகக் கேட்கப்படுகிறது, அந்நோக்கம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டதா, விடையினால் யாருக்கு என்ன விளையும் என்பவை சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றன. பின்வரும் பகுதிகளில் காணப்படும் வினாக்கள் பலவும் இவ்வளவுகோலில் நில்லாதவை.

2. திருமணம் பற்றிய வினா

விடுதலைக்குப் பிந்தைய பணி விதிகளில் பெண்களின் திருமணநிலை பற்றிய வினா பரவலாக இடம்பெற்றது. சென்னையில் பெண்கள் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற சி.பி. முத்தம்மா 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் ஆவார். திருமணம் செய்துகொண்டால் பணியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தே அவர் அப்பணியில் சேர வேண்டியிருந்தது. 1961ஆம் ஆண்டு வெளியுறவுப் பணி நடத்தை விதிகள், பெண் அலுவலர் திருமணத்திற்கு முன் அரசின் எழுத்துப்பூர்வமான அனுமதியைப் பெற வேண்டும் என்றன. திருமணத்திற்குப்பின் குடும்பப் பொறுப்புகள் பணிக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால் அவரைப் பதவி விலகக் கோரவும் அவ்விதிகள் இடமளித்தன.

பதவி உயர்வு மறுக்கப்பட்ட முத்தம்மா உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் வழங்கிய தீர்ப்பு இவ்விதிகளின் பாலினப் பாகுபாட்டை வெளிப்படையாகக் கண்டித்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அவருக்குப் பதவி உயர்வு வழங்கப்பட்டதாலும், விதிகளை நீக்குவதாக அரசு தெரிவித்ததாலும் மனு முடித்துவைக்கப்பட்டது. பணி விதிகள் அனைத்தையும் இந்நோக்கில் மறுஆய்வு செய்யுமாறும் நீதிமன்றம் வலியுறுத்தியது.

தனியார் துறையிலும் இதே நிலை காணப்பட்டது. பம்பாயில் மருந்து நிறுவனம் ஒன்று, திருமணமாகாத பெண்களையே வேலைக்கு எடுத்து, திருமணமானதும் அவர்களது பணி தானாக முடிவுறும் என்று விதித்திருந்தது. மணமான பெண்கள் அடிக்கடி விடுப்பு எடுப்பர் என்பது அந்நிறுவனம் கூறிய காரணம். 1965இல் உச்ச நீதிமன்றம் இக்காரணத்தை ஏற்காமல் விதியை நீக்க ஆணையிட்டது. 1981இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில் முதல் கருத்தரிப்போடு பணியை முடிக்கும் விதி செல்லாது எனப்பட்டது. ஆனால் பணியில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் கூடாது என்ற விதியை அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

இத்தீர்ப்புகளில் ஒரு பொதுத்தன்மை புலப்படுகிறது. திருமணமானதால் வரும் தண்டனையை நீதிமன்றங்கள் ஆராய்ந்தன. சில வேளைகளில் நீக்கின; சில வேளைகளில் ஏற்றன. ஆனால் ‘நீ மணமானவளா, மணம் செய்ய எண்ணியிருக்கிறாயா?’ என்று கேட்பதே முறையா என்ற வினா அங்குத் தனியே ஆராயப்படவில்லை. தண்டனை நீங்கிய பின்னும் படிவங்களில் அவ்வினா தங்கிவிட்டது.

3. நம்பிக்கை பற்றிய வினா

அரசுப் பணிக்குத் தேர்வானவரின் முன்வரலாற்றைக் காவல்துறை மூலம் சரிபார்க்கும் முறை காலனி ஆட்சியின் நீட்சியாக விடுதலை இந்தியாவிலும் தொடர்ந்தது. குற்றப் பின்னணியை அறிவதற்கான இம்முறை, அரசியல் சார்பை அறியும் வழியாகவும் பயன்பட்டது. இதனைத் தடுத்து நிறுத்திய தீர்ப்பு 1983இல் வந்தது.

மத்தியப் பிரதேசத்தில் நகராட்சிப் பள்ளி ஒன்றை அரசு ஏற்றபோது, அங்குப் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் முன்வரலாற்றுச் சரிபார்ப்புக்கு உட்பட்டு அரசுப் பணியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அவர் ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்கம் ஆகிய அமைப்புகளின் நடவடிக்கைகளில் பங்கேற்றவர் என்று காவல்துறை அறிக்கை தந்தது. அவரது பணி முடிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் ஆசிரியருக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்க, மாநில அரசு மேல்முறையீடு செய்தது.

நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி அம்மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார். ஆசிரியர் அந்த அமைப்புகளில் இருந்தாரா இல்லையா என்ற ஆராய்ச்சிக்குள் அவர் செல்லவில்லை. கடந்த கால அரசியல் ஈடுபாட்டைக் காவல்துறை மூலம் துருவி அறிந்து அதனடிப்படையில் வேலையை மறுப்பதே அரசமைப்பின் அடிப்படை உரிமைகளுக்கு மாறானது என்பது அவர் முடிவு. அரசுப் பணி என்பது வானவர் மட்டுமே நுழையத்தக்க விண்ணுலகமா என்று அத்தீர்ப்பு வினவுகிறது. அமெரிக்காவில் பொதுவுடைமையரைத் தேடித்தேடி வேலையிழக்கச் செய்த மெக்கார்த்தி காலத்தையும் அது நினைவூட்டுகிறது.

இத்தீர்ப்பின் சிறப்பு அது பார்வையைத் திருப்பிய திசையில் உள்ளது. பணியாளரின் விடையிலிருந்து பணியமர்த்துவோரின் வினாவுக்கு ஆராய்ச்சி நகர்ந்தது. ஒருவர் எந்தக் கட்சியைச் சார்ந்தவராயினும், எந்தக் கொள்கையை உடையவராயினும் இப்பாதுகாப்பு அவருக்குப் பொருந்தும்.

4. உடல் பற்றிய வினா: 1991ஆம் ஆண்டு வழக்கு

இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் உதவியாளர் பணிக்குத் தேர்வான பெண் ஒருவர் 1989இல் உறுதிமொழிப் படிவம் ஒன்றை நிரப்பித் தந்தார். கழகத்தின் பட்டியலில் உள்ள மருத்துவர் அவரைப் பரிசோதித்துத் தகுதிச் சான்று அளித்தார். பயிற்சிக்குப்பின் தகுதிகாண் பருவத்தினராக நியமிக்கப்பட்ட அவர், சில மாதங்களில் மகப்பேறு விடுப்புக்கு விண்ணப்பித்தார். குழந்தை பிறந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில், அவர் விடுப்பில் இருந்தபோதே, பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். விடுவிப்பு ஆணையில் காரணம் எதுவும் கூறப்படவில்லை.

வழக்கு நீதிமன்றத்தை அடைந்தபோது காரணம் வெளிப்பட்டது. படிவத்தில் அவர் குறித்திருந்த இறுதி மாதவிடாய் நாளும், மகப்பேற்று மருத்துவமனைப் பதிவேட்டில் இருந்த நாளும் சில வாரங்கள் வேறுபட்டன. ஆகவே அவர் பொய்யான உறுதிமொழி அளித்தார் என்பது கழகத்தின் வாதம். தில்லி உயர் நீதிமன்றம் மனுவைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்தது.

மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் அப்படிவத்தையே எடுத்து நோக்கியது. மணமானவரா, குழந்தைகள் எத்தனை என்பவற்றோடு அதில் இருந்த பிற வினாக்கள் வருமாறு: மாதவிடாய் ஒழுங்காகவும் வலியின்றியும் வருகிறதா? எத்தனை முறை கருவுற்றார்? அவற்றுள் எத்தனை நிறைமாதம் எய்தின? இறுதி மாதவிடாய் எந்நாள்? இப்போது கருவுற்றுள்ளாரா? கருச்சிதைவோ கருக்கலைப்போ நேர்ந்ததுண்டா?

நாள் வேறுபாடு பொய்யா, மறதியா என்று ஆராய்ந்து தீர்ப்புக் கூறியிருக்க இயலும். ஆனால் 1991 அக்டோபரில் வந்த தீர்ப்பு, உண்மையான தீங்கு பெண் விண்ணப்பதாரரிடம் கோரப்படும் இத்தகைய உறுதிமொழியிலேயே உள்ளது என்று கண்டது. இவ்வினாக்கள் சங்கடம் தருவன, இழிவுபடுத்துவனவும் ஆகலாம் என்றும், தன்மானமுள்ள ஒருவர் இவற்றுக்கு விடை கூறத் தயங்குவது இயல்பே என்றும் நீதிமன்றம் கருதியது. அப்பெண்ணை மீண்டும் பணியில் அமர்த்த ஆணையிட்டதோடு, அப்பத்திகளைப் படிவத்திலிருந்து நீக்குமாறும் கழகத்திடம் கூறியது.

இவ்வழக்கில் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தி உண்டு. தம் உடல் பற்றிய தகவலைப் பணியமர்த்துவோர் கேட்கலாகாது என்று நிறுவுவதற்கு, அப்பெண் அதே தகவலைப் பொது நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டியிருந்தது. அவர் பெயரும், மருத்துவ விவரங்களும், நாள்களும் சட்டத் தொகுப்புகளில் நிலையாகப் பதிந்துவிட்டன. பிற பெண்கள் பெற்ற பாதுகாப்புக்கான விலையை ஒருவர் தம் அந்தரங்கத்தால் செலுத்தினார் எனலாம்.

5. வினாவின் பொருளியல் வேர்

மாதவிடாய் நாளைக் காப்பீட்டு அலுவலகத்தின் உதவியாளரிடம் கேட்பதற்குப் பணியின் தன்மையில் எக்காரணமும் இல்லை. எனினும் அவ்வினா பல நிறுவனங்களில் வேரூன்றியது ஏன் என்பது ஆராயத்தக்கது. மகப்பேற்றுச் செலவை யார் ஏற்பது என்ற வினாவோடு இது நெருங்கிய தொடர்புடையது.

1929இல் பம்பாய் மாகாணம் மகப்பேற்று உதவிச் சட்டத்தை இயற்றியது. 1930களின் நடுவில் சென்னை மாகாணமும் அவ்வழியைப் பின்பற்றியது. விடுதலைக்குப்பின் இரு வேறு முறைகள் உருவாயின. 1948ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டத்தில் (இ.எஸ்.ஐ.) தொழிலாளரும் முதலாளியும் செலுத்தும் தொகை பொது நிதியாகச் சேர்ந்து, அதிலிருந்து மகப்பேற்று உதவி வழங்கப்பட்டது. ஒரு பெண் கருவுற்றால் அவரது முதலாளிக்கு அதனால் தனிச்செலவு பெரிதாக இல்லை. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலோ விடுப்புக் காலச் சம்பளம் முழுவதையும் முதலாளியே நேரடியாகத் தர வேண்டியிருந்தது. விடுப்பில் உள்ள பெண்ணை நீக்குவதை அச்சட்டம் தடைசெய்தது. ஆனால் அவர் பணியில் சேரும் முன்னரே அவரைத் தவிர்ப்பதை அது தடுக்கவில்லை.

பாதுகாப்பு பணியேற்புக்குப்பின் தொடங்குவதால், செலவைத் தவிர்க்க விரும்புவோரின் கவனம் பணியேற்புக்கு முந்தைய படிவத்தில் குவிகிறது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. அது தாய்மாருக்குப் பெரும் நன்மை. ஆயினும் கூடுதல் செலவும் முதலாளியின் மீதே சுமத்தப்பட்டமையால் வினாத் தொடுப்பதற்கான தூண்டுதலும் கூடியது.

வினா எளிதில் மறைவதில்லை என்பதற்குப் பாரத ஸ்டேட் வங்கியின் நிகழ்வு சான்று. 1991ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின்னும் பெண் விண்ணப்பதாரரிடம் மாதவிடாய், கருத்தரிப்பு விவரங்களைக் கேட்கும் முறை அங்கு இருந்தது. எதிர்ப்புக்குப்பின் 2009இல் அது மாற்றப்பட்டது. மீண்டும் 2021 டிசம்பர் இறுதியில், மூன்று மாதத்திற்கு மேல் கருவுற்றிருப்போர் ‘தற்காலிகமாகத் தகுதியற்றவர்’ எனக் கருதப்படுவர் என்றும், பிள்ளைப்பேற்றுக்குப்பின் நான்கு மாதத்திற்குள் சேரலாம் என்றும் வங்கி புதிய நெறிமுறையை வெளியிட்டது. கடும் எதிர்ப்பு எழவே 2022 சனவரி இறுதியில் அது நிறுத்திவைக்கப்பட்டது. நிறுவனம் ஒன்றிற்கு எதிரான தீர்ப்பு அந்நிறுவனத்தின் படிவத்தை மாற்றலாம். வினாவைப் பிறப்பிக்கும் பொருளியல் காரணம் அப்படியே இருக்கும்வரை, வேறொரு நிறுவனத்தில் வேறொரு சொல்லில் அது மீண்டும் தோன்றுகிறது.

உடல் பற்றிய துருவல் கருத்தரிப்போடு நிற்பதன்று. தமிழ்நாட்டுக் காவல்துறைக்குப் பெண் காவலராகத் தேர்வான ஒருவர், மருத்துவப் பரிசோதனையின் பின் அவரது பாலினத்தைக் காரணம் காட்டி விடுவிக்கப்பட்டார். 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அவ்விடுவிப்பை நீக்கியது. ஒருவர் தம்மைப் பெண் என உணர்ந்து, பெண்ணாகவே வாழ்ந்துவரும்போது, பாலினத்தைத் தீர்மானிக்க மருத்துவப் பரிசோதனைக்கு அவரை உட்படுத்துவது அவரது மாண்பைக் குலைக்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

6. நோய் பற்றிய வினா: தடைசெய்யப்பட்ட முதல் கேள்வி

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற செல்லப்பன் நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வின் விளைவு அது. அடுத்த பத்தாண்டுகளில் நோயைவிட விரைவாக அச்சம் பரவியது. பணியேற்புக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் பல நிறுவனங்களில் சேர்க்கப்பட்டது.

பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் தற்காலிகத் தொழிலாளராக இருந்த ஒருவர் எச்.ஐ.வி. தொற்று உடையவர் எனத் தெரிந்ததும் வேலை மறுக்கப்பட்டார். 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இம்மறுப்பைச் செல்லாதது என்றது. பணியைச் செய்யும் உடற்தகுதி உடையவராகவும், உடன்பணிபுரிவோருக்குக் குறிப்பிடத்தக்க ஆபத்தை விளைவிக்காதவராகவும் உள்ள ஒருவரைத் தொற்றின் காரணமாக மட்டும் ஒதுக்கலாகாது என்பது அதன் முடிவு. அவ்வழக்கில் தொழிலாளர் தம் பெயரை மறைத்து எழுத்துக் குறியீடு ஒன்றின் பெயரால் வழக்காட நீதிமன்றம் இசைந்தது. நிறுவனமும் அவ்வாறே குறியீட்டால் சுட்டப்பட்டது. 1991ஆம் ஆண்டு வழக்கில் கிட்டாத பாதுகாப்பு இங்குக் கிட்டியது.

நீதிமன்றம் தொடங்கியதைச் சட்டமன்றம் நிறைவு செய்தது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு, கட்டுப்பாடு) சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. வேலை பெறுவதற்கான முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கோருவதை அது தடைசெய்கிறது. தம் தொற்று நிலையை வெளியிடுமாறு ஒருவரைக் கட்டாயப்படுத்துவதற்கும் நீதிமன்ற ஆணை போன்ற விலக்குகள் தவிர இடமில்லை. நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் நிறுவனங்களில் முறையீட்டு அலுவலர் இருக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது.

இங்கு எடுத்துக்கொள்ளப்பட்ட வினாக்களுள் சட்டமன்றமே முன்வந்து தடைசெய்தது இவ்வொன்றையே. இச்சட்டத்தின்கீழ் ஒருவர் உண்மை சொன்னாரா, மறைத்தாரா என்ற ஆராய்ச்சிக்கு இடமில்லை. கேட்கக் கூடாததைக் கேட்டவரே விளக்கம் தர வேண்டியவர் ஆகிறார்.

7. ‘மறைப்பு’ என்னும் குற்றம்

குற்ற வழக்குகள் பற்றிய வினாவில் சட்டம் எதிர்த்திசையில் நெடுந்தொலைவு சென்றது. கேந்திரிய வித்யாலயாவில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்த ஒருவர், தம் மீது நிலுவையில் இருந்த வழக்கைப் படிவத்தில் குறிப்பிடவில்லை. தாம் இந்திவழிக் கல்வி பயின்றவர் என்றும், ஆங்கிலத்தில் இருந்த பத்திகளைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றும் அவர் கூறினார். அவ்வழக்கு பின்னர்த் திரும்பப் பெறப்பட்டது. 2003இல் உச்ச நீதிமன்றம் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. வழக்கின் தன்மையோ முடிவோ முதன்மையில்லை. தகவலை மறைத்த செயலே அவரது நடத்தையைக் காட்டுகிறது என்று கருதிப் பணிநீக்கத்தை உறுதி செய்தது.

இக்கருத்து பரவியதன் விளைவு கடுமையானது. ஊர்த் தகராற்றிலோ மாணவர் மறியலிலோ பெயர் சேர்க்கப்பட்ட இளைஞர் ஒருவர், விடுதலையான பின்னும், படிவத்தின் ஒரு கட்டத்தை நிரப்பாததால் வேலை இழக்கும் நிலை உருவானது. வழக்கு அற்பமானது என்பது அவருக்கு உதவவில்லை. மறைப்பு என்பது தனிக் குற்றமாக நின்றது.

முரண்பட்ட தீர்ப்புகள் பெருகியதால் 2016இல் மூன்று நீதிபதிகள் அடங்கிய அமர்வு இதனை ஆராய்ந்து நெறிகளை வகுத்தது. படிவத்தில் தெளிவாகவும் குறிப்பாகவும் கேட்கப்பட்டதையே பணியாளர் தெரிவிக்க வேண்டும். கேட்கப்படாததைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்டலாகாது என்று அது கூறியது. இளம் வயதில் முழக்கமிட்டது போன்ற சிறு வழக்குகளில் மறைப்பைப் பொறுத்துக்கொள்ளப் பணியமர்த்துவோருக்கு அதிகாரம் உண்டு என்றும் விளக்கியது.

இந்நெறிகள் பலருக்கு ஆறுதல் தந்தன. ஆயினும் அவை வினாவை விட்டுவைத்துத் தண்டனையை மட்டும் தணித்தன. பொறுத்துக்கொள்வதும் பொறுக்காததும் பணியமர்த்துவோரின் விருப்புரிமையாகவே தொடர்கின்றன. எந்தப் பணிக்கு எத்தகைய வழக்கு பற்றிக் கேட்கலாம், எத்தனை ஆண்டுகளுக்கு முந்தையதைக் கேட்கலாம், விடுதலையான வழக்கைக் கேட்கலாமா என்பன வரையறுக்கப்படாமல் நின்றன. 1983ஆம் ஆண்டுத் தீர்ப்பு அரசியல் சார்பு பற்றிக் காட்டிய வழி இங்குப் பின்பற்றப்படவில்லை.

8. தரவுச் சட்டங்களில் பணியாளர்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் 2011இல் வந்த விதிகள் ‘உணர்திறன்மிக்க தனிநபர் தகவல்’ என்ற வகையை வரையறுத்தன. கடவுச்சொல், நிதி விவரம், உடல்நலமும் மனநலமும், பாலியல் நாட்டம், மருத்துவ ஆவணம், உயிரியளவுத் தரவு ஆகியன அதில் இடம்பெற்றன. சாதி, சமயம், அரசியல் சார்பு ஆகியன இடம்பெறவில்லை. இவ்விதிகள் தனியார் நிறுவனங்களையே கட்டுப்படுத்தின. பெரும்பணியமர்த்துநரான அரசு இவற்றின் எல்லைக்கு வெளியே நின்றது. எனினும் தேவைக்கு மிகாமல் தகவலைச் சேர்க்க வேண்டும் என்ற கொள்கை முதன்முறையாக எழுத்தில் வந்தது.

2017 ஆகஸ்ட் 24 அன்று நீதிபதி கே.எஸ். புட்டசுவாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாக அறிவித்தது. அந்தரங்கத்தில் அரசு தலையிட வேண்டுமாயின் அதற்குச் சட்டத்தின் ஆதரவு வேண்டும். நியாயமான நோக்கம் வேண்டும். தலையீடு அந்நோக்கத்திற்கு மிகாததாக இருக்க வேண்டும் என்ற சோதனை இதிலிருந்து பெறப்பட்டது. 1921ஆம் ஆண்டு அரசாணையைக் கொண்டு முதற்பகுதியில் பெறப்பட்ட அளவுகோலும் இச்சோதனையோடு பெரிதும் ஒத்திருப்பதைக் காணலாம்.

இப்பின்னணியில் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பணியாளர் நோக்கில் அதில் இரு கூறுகள் முதன்மையானவை. ஒன்று, உணர்திறன்மிக்க தகவல் என்ற தனிவகை அச்சட்டத்தில் இல்லை. அவ்வகையைத் தாங்கிநின்ற பழைய பிரிவை நீக்கவும் அது வழிசெய்கிறது. மாதவிடாய் நாளும் கைப்பேசி எண்ணும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. மற்றொன்று, வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காகவும், பணியமர்த்துவோரை இழப்பிலிருந்தோ பொறுப்பிலிருந்தோ காப்பதற்காகவும், பணியாளரின் இசைவு பெறாமலேயே தரவைக் கையாள ஏழாம் பிரிவு அனுமதிக்கிறது.

வேலை தேவைப்படுவோரின் இசைவு பெரும்பாலும் பெயரளவிலானது என்பது உண்மையே. ஆகவே இசைவை மட்டும் நம்பியிருப்பதும் போதாது. ஆனால் இசைவை நீக்கிய இடத்தில் அதற்கீடாக ‘இன்னின்ன கேட்கலாகாது’ என்ற பட்டியலை வைத்திருக்கலாம். எச்.ஐ.வி. சட்டம் அதற்கு முன்மாதிரியாகக் கண்முன் இருந்தது. ‘இழப்பிலிருந்து காத்தல்’ என்ற சொற்றொடரோ மகப்பேற்றுச் செலவை அஞ்சும் பணியமர்த்துவோர் தமக்குச் சார்பாக வாதிட இடமளிக்கும் அளவுக்கு விரிவானது. நீதிமன்றங்கள் அதற்கு எவ்வாறு பொருள் காணும் என்பதைப் பொறுத்தே 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பயன் நிலைக்கும்.

முடிவுரை

இவ்வாய்வில் நோக்கிய சான்றுகள் இரு வழிகளைக் காட்டுகின்றன. முதல் வழியில் வினா இயல்பானதாக ஏற்கப்பட்டு, விடையின் உண்மையும் பொய்யும் ஆராயப்பட்டன. திருமணம் பற்றிய வழக்குகளும், குற்ற வழக்கு மறைப்புப் பற்றிய தீர்ப்புகளும் இவ்வழியின. இவற்றில் பணியாளர் பெற்ற நன்மை வழக்குக்கு வழக்கு வேறுபட்டது. நிறுவனத்தின் விருப்புரிமையைச் சார்ந்தது. இரண்டாம் வழியில் வினாவே ஆராயப்பட்டது. அரசியல் சார்பு பற்றிய 1983ஆம் ஆண்டுத் தீர்ப்பு, பெண்ணின் உடல் பற்றிய 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பு, எச்.ஐ.வி. பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியன இவ்வழியின. இவை வழக்காடியவரை மட்டுமன்றி, நீதிமன்றத்தை அணுக இயலாத பலரையும் காக்கவல்லவை.

இரண்டாம் வழியும் தானே முழுமையாகாது. வங்கி நெறிமுறை காட்டியதுபோல, வினாவைத் தூண்டும் செலவுச் சுமை மாறாதவரை அது புது வடிவில் திரும்பும். மகப்பேற்றுச் செலவைத் தனி முதலாளியிடமிருந்து காப்பீடு போன்ற பொது நிதிக்கு மாற்றுவது, படிவத்திலிருந்து ஒரு பத்தியை அடிப்பதைவிட உறுதியான தீர்வாகலாம்.

படிவத்தின் கீழ்ப் பணியாளர் இடும் கையொப்பம் அவரை உண்மைக்குக் கட்டுப்படுத்துகிறது. அதே தாளில் ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே அது ஏன் கேட்கப்படுகிறது என்று எழுதிக் கையொப்பமிடும் கடமை பணியமர்த்துவோருக்கு இதுவரை விதிக்கப்படவில்லை. அக்கடமையை வரையறுப்பதே இத்துறையில் சட்டம் அடுத்து ஆற்ற வேண்டிய பணியாகும்.